வூடு வந்தால்தான் நிற்கும்

பாட்டு முடிந்துவிட்டது. நாங்கள் நிறுத்தவில்லை.

செங்கல்பட்டில் ஒரு சின்ன ஹால். ஏசி ஓடுகிறது. பலகை மேடையில் நாலு நாற்காலி, நாலிலும் நாங்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நன்றாகக் கைதட்டினார்கள். நாங்கள் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் பாக்கி இருக்கிறது போல என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார்கள், இந்தத் தடவை சந்தேகமாக. நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது. என் பக்கத்தில் தேவு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட் ஊதுகிறார். முன்வரிசையில் அவர் மனைவி சுகுணா அண்ணி, மடியில் தண்ணி பாட்டிலை வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வாயில் முன்பல் ரெண்டும் கட்டின பல். அது நிற்குமா, விழுமா என்பதில்தான் அன்றைக்கு எங்கள் செட்டின் தலையெழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். மேடையில் நிறுத்தத் தெரியாதவனுக்கு இங்கேயாவது நிறுத்தத் தெரிகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

கோட்டு மூடாத ஆள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஏழுமலை. உத்திரமேரூர்க்காரன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஏரி இருந்தது. நான் ஏரியோடு நின்றுவிட்டேன். இந்தத் தொடரை போனில் பேசித்தான் அனுப்புகிறேன். பத்திரிகைத் தம்பி எழுதிக்கொள்கிறார். இதில் நல்ல தமிழ் எங்கேயாவது தட்டுப்பட்டால் அது அவருடைய வேலை. என் மேல் சந்தேகப்படாதீர்கள்.

பேண்ட் செட்டில் நான் ஊதுவது சூசாபோன். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே அண்டா வாய் மாதிரி விரிந்திருக்குமே, அது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சிவப்புக் கோட்டு தைத்து வந்தபோது எனக்கு மட்டும் நடுவில் மூடவில்லை. தையல்காரரைத் திட்டலாம் என்றால் அளவு கொடுத்தவன் நான், அளவு கொடுத்த பிறகு தின்றவனும் நான். தேவு அண்ணன் யோசித்துவிட்டு அந்தப் பாம்பை எடுத்து என் மேல் மாட்டினார். திறந்திருந்த பட்டன் எல்லாம் மறைந்துவிட்டது. அப்படி வித்வான் ஆனவன் நான். அதில் எனக்குத் தெரிந்தது ‘பொம், பொம்’. இத்தனை வருஷத்தில் நடுவில் ஒரு ‘பபொம்’ சேர்த்திருக்கிறேன்.

நாலு பேர் எப்படி நாலு பேர் ஆனோம்

முன்னே நாங்கள் ஆறு பேர். டிரம் அடித்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் செண்டை மேளம் செட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே கோட்டு போட வேண்டாம், வேட்டி கட்டினால் போதும், காற்றோட்டமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான். செண்டையைத் தூக்கினால் வயிறு மறையாது என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மிச்சம் நாலு பித்தளைக் குழல். தேவராஜ் என்கிற தேவு அண்ணன் டிரம்பெட். அவர்தான் தலை. பெருமாள் கோயில் நாயனக்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிறந்தவர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே எல்லாவற்றையும் டிரம்பெட்டில் இழுத்துக்கொண்டுவிட்டார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை அவர் ஊதினால் தெருவில் போகிற ஆள் தானாகச் செருப்பைக் கழற்றுவான்.

அந்தோணி யூபோனியம். மார்போடு அணைத்து ஊதுகிற குட்டிச் சூசாபோன் மாதிரி. மாதா கோயில் பாடல்குழுவில் ஊதிப் பழகியவன். சாது. அவன் ஊதினால் எல்லாமே பூசை மாதிரிதான் இருக்கும். கல்யாண ஊர்வலத்தில் குத்துப்பாட்டு ஊதினாலும் யாரோ பாவமன்னிப்பு கேட்பது மாதிரி கேட்கும்.

சின்னதுரை டிரம்போன். முன்னேயும் பின்னேயும் இழுக்கிற குழாய். சாவு ஊர்வலத்தில் கானா பாடுகிறவர்களோடு சுற்றியவன். அந்தக் குழாயை அவன் இழுத்தால் அழுகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கிறவர்கள் அழுவார்கள். இழுக்கிற வேகத்தில் முன்னால் போகிறவர் முதுகையும் குத்துவான். அந்த முதுகு பெரும்பாலும் என்னுடையது.

டிரம் இல்லாததால் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்ததால் வீட்டுக்குள்ளே கூப்பிட ஆரம்பித்தார்கள். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா. கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டு நாலு பேரும் நின்று ஊதுவோம். அந்தோணி அடியில் பூசை போடுவான், அதன் மேல் அண்ணன் மல்லாரியை ஏற்றுவார், சின்னதுரை நடுவில் கானாவை இழுத்துவிடுவான். நான் டிரம்முக்குப் பதிலாகப் பொம். அப்படி ஒரு வீட்டில்தான் செங்கல்பட்டு மேடம் எங்களைக் கேட்டார். பாட்டு சொல்லிக்கொடுக்கிறவராம். மூணு தினுசுப் பாட்டும் ஒரே வாயில் வருகிற மாதிரி இருக்கிறது, எங்கள் ஹாலில் வந்து வாசியுங்கள், மேடையில் உட்கார்ந்து, என்றார்.

“உக்காந்துகினா?” என்றான் சின்னதுரை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலைகீழாக நின்று வாசிக்கச் சொன்னால் கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

மானாம்பதி மாப்பிள்ளை ஊர்வலம்

தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் மானாம்பதியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. டிரம்முக்கு வெளியிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனோம்.

ஊர்வலத்தில் ஊதுகிறவனுக்குப் பெரிய எதிரி முன்னால் பின்பக்கமாக ஆடிக்கொண்டு வருகிற ஆள். அவனுக்கு நாம் தெரியமாட்டோம். அன்றைக்கு மாப்பிள்ளையின் தோழன் ஒருத்தன் பாம்பாட்டம் ஆடி, குனிந்து, திடீரென்று நிமிர்ந்தான். அவன் பின்மண்டை டிரம்பெட் வாயில் மோதியது. டிரம்பெட் அண்ணன் வாயில் மோதியது. முன்பல் ரெண்டும் போய்விட்டது.

அடிபட்ட பையன் தலையைத் தடவிக்கொண்டு, “இன்னாண்ணா, பாத்து ஊதக்கூடாதா?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டான்.

அண்ணனை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அவர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார். அண்ணி அவரைத் தின்பண்டம் திருடிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“செவப்பு கோட்டுல ரத்தம் தெரியாதுன்னு நென்ச்சிக்கினியாய்யா?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். டிரம்பெட்டைத் துடைத்தார், பெட்டியில் வைத்தார், ஸ்டூல் போட்டு ஏறி பரண் மேலே வைத்துவிட்டார்.

அண்ணியின் கண்டிஷன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பல் டாக்டர் கழற்றி மாட்டுகிற பல் செய்து கொடுத்தார். சாப்பிடலாம், சிரிக்கலாம், போட்டோ எடுக்கலாம் என்றார். டிரம்பெட் ஊதலாமா என்று நான் கேட்டேன். அதை நான் படிக்கவில்லை என்றார். நானும் எதையும் படிக்கவில்லை என்பதால் எங்களுக்குள் ஒரு நேசம் உண்டானது.

அண்ணி அதற்குள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் அண்ணனுக்குக் கேட் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். அண்ணியின் கூடப்பிறந்தவர் அங்கேதான் இருக்கிறார். நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, யாரும் முன்னால் ஆடமாட்டார்கள். டிரம்பெட்டைக் காஞ்சிபுரத்தில் ஒரு செட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

நாங்கள் மூணு பேரும் தூது போனோம். நான்தான் பேசினேன். எனக்குப் பேச வரும் என்று எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம். செங்கல்பட்டுக் கச்சேரியை ஒப்புக்கொண்டுவிட்டோம், அதை மட்டும் முடித்துவிடுகிறோம் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

“இத்தினி வருசம் ஆச்சி. உங்க பேண்டு என் வூட்டு தெரு வழியா போவும், நான் தலைய நீட்றதுக்குள்ள முனை திரும்பிடும். அந்த ஆளு இன்னா ஊதறாருன்னு நான் ஒரு வாட்டி உக்காந்து கேட்டது இல்ல. வாயி வீங்கிக்கினு வர்றதத்தான் பாத்துக்கினு கீறேன்.”

முறத்தைக் கீழே வைத்தார்.

“நானும் வர்றேன். கேக்கறேன். கேட்டுட்டு, டிரம்பெட்டு வூட்ல இருக்கணுமா, விக்கணுமான்னு நான் சொல்றேன். அப்பால யாரும் என்கிட்ட பேசக்கூடாது. குறிப்பா நீ, ஏயுமல.”

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார்.  பரணை ஒரு தடவை பார்த்தார்.

டீ வரைக்கும்

கச்சேரி வரைக்கும் என்று டிரம்பெட் பரணிலிருந்து இறங்கியது. அந்தோணி வீட்டு முன் அறையில் பழகினோம். கட்டில் ஒன்று, நாற்காலி மூணு, மலைப்பாம்பு ஒன்று. நான் கதவுக்கு வெளியே பாதி உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் அண்ணன் ஊதியபோது சைக்கிள் டியூபில் காற்றுப் போவது மாதிரி வந்தது. ரெண்டாவது ஊதலில் பல் கழன்று பறந்து அந்தோணியின் டீ கிளாஸில் விழுந்தது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சின்னதுரை குடித்துவிட்டான்.

அண்ணன் டாக்டரிடம் போய்ப் பல்லை இறுக்கிக்கொண்டு வந்தார். டிரம்பெட்டை நடு உதட்டிலிருந்து இடது ஓரத்துக்கு நகர்த்தினார். கீழ்ச் சத்தம் வந்தது. மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் பல் ஆடியது. அங்கே வந்ததும் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் அந்த இடத்தை சின்னதுரை பிடித்துக்கொண்டான். அண்ணன் ஏற வேண்டிய மல்லாரியை அவன் கானா மாதிரி இழுத்துக்கொண்டு ஏறினான். உச்சிக்குப் போனதும் அவனுக்கு இறங்கத் தெரியவில்லை. அந்தோணி அடியிலிருந்து பூசை போட்டு மெதுவாக இறக்கிக் கொண்டுவந்தான். தரையில் அண்ணன் காத்துக்கொண்டிருந்து வாங்கிக்கொண்டார்.

முன்னே மூணு பாட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே பாட்டு நாலு வாயில் கை மாறிக் கை மாறிப் போனது. கேட்கிறவனுக்கு எங்கே கோயில் முடிகிறது, எங்கே சாவு ஊர்வலம் ஆரம்பிக்கிறது என்று தெரியாது. அந்தோணியின் பெண்சாதி ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டது. அது அவ்வளவு சுலபத்தில் எதற்கும் அடுப்பை விட்டு வராது.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஸ்டெல்லா டீத் தட்டோடு உள்ளே வரும். உடனே அண்ணன் டிரம்பெட் வாயை மேலே தூக்குவார். எல்லோரும் நிறுத்திவிட்டு கிளாஸை எடுப்போம். பாட்டு ரொம்ப நன்றாக முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முடித்தது ஸ்டெல்லா.

ரோட்டில் எப்படி நிறுத்துவோம்

இதைச் சொன்னால்தான் மேடையில் என்ன ஆனது என்று புரியும்.

பேண்ட் செட்டுக்காரன் பாட்டை முடிக்கிற ஆள் இல்லை. ஊர் முடித்துவைக்கும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வருவார், பெண்கள் ஆரத்தி சுற்றி வாசலில் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணி தரையில் விழுந்ததும் அண்ணன் டிரம்பெட்டை வானத்துக்குத் தூக்குவார். கப்பென்று நின்றுவிடுவோம். பாட்டு பல்லவியில் இருந்தாலும் சரி, பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி. சாவு என்றால் சுடுகாட்டு முனை. வாசல் சீக்கிரம் வந்தால் சின்னப் பாட்டு. வழியில் லாரி மடக்கிக்கொண்டால் பெரிய பாட்டு. எத்தனையோ வருஷமாக ஊதுகிறோம், ஒரு பாட்டுக்குக் கூட வால் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

செங்கல்பட்டு ஹாலில் வாசலும் இல்லை, முனையும் இல்லை. டீயும் கச்சேரிக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

மேடையில்

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் எங்களுக்குத் தாளம் வராது என்று பயந்தோம். கால் சும்மா இருக்கவில்லை. நாலு பேரும் உட்கார்ந்தபடியே நடந்துகொண்டிருந்தோம். பலகை மேடையில் பூட்ஸ் விழுந்த சத்தத்தில் டிரம் இல்லாத குறையே தெரியவில்லை.

அந்தோணி தொடங்கினான். அண்ணன் ஓரவாயில் மல்லாரியைப் பிடித்தார். ஏறுகிற இடம் வந்தது. சின்னதுரை இழுத்துக்கொண்டு போனான், அந்தோணி இறக்கினான், அண்ணன் வாங்கினார். பல் நின்றது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான் அண்ணியைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்க வராது.

இன்னொரு சுற்றில் ஏறுகிற இடம் வந்தபோது சின்னதுரை குழாயை எடுத்தான். அண்ணன் விடவில்லை. அவரே ஏறினார். நாங்கள் மூணு பேரும் பயத்தில் கண்ணை மூடினோம். கண்ணைத் திறந்தபோது அவர் மேலே நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் காற்று கசிந்தது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சத்தம் நின்றது.

கைதட்டல் அங்கேதான் வந்தது. பாட்டு முடிய வேண்டியதும் அங்கேதான்.

நாங்கள் டிரம்பெட் மேலே போகும் என்று காத்திருந்தோம். போகவில்லை. அண்ணன் மறுபடி மல்லாரியைத் தொடங்கினார். தலை நிறுத்தாமல் நாங்கள் எப்படி நிறுத்துவது? ரெண்டாவது கைதட்டல் வந்தது. மூணாவது சுற்றில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஒருத்தர் போனை எடுத்து மணி பார்த்தார். அந்தோணியின் பூசை முடிந்து, கல்லறை அடக்கத்துக்கே போய்விட்டது. சின்னதுரையின் குழாய் தொங்கிவிட்டது. நான் ‘பொம்’ போடுவதை விட்டுவிட்டு வெறும் காற்று ஊதிக்கொண்டிருந்தேன். சூசாபோனுக்குள்ளேயே செத்தால் என்னை எப்படி வெளியே எடுப்பார்கள் என்றெல்லாம் யோசனை வந்தது.

நடுவில் மூச்சு வாங்குகிற சாக்கில், “அண்ணா, நிறுத்து” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல் தெரியாமல் அவர் ஊதவில்லை. நிறுத்தினால் அண்ணி பதில் சொல்லிவிடுவார். பதில் வருகிற வரைக்கும் டிரம்பெட் அவருடையது. அதனால் ஊதிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அண்ணி எழுந்தார்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராக மேடைக்கு முன்னால் வந்து நின்றார். மூடியைத் திருகினார். எங்கள் மேல் ஊற்றப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஊற்றினால் நல்லது, குளிர்ச்சியாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் பாட்டிலை எங்கள் நாலு பேருக்கும் சேர்த்துச் சுற்றினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மறுபடி இடமிருந்து வலம். மண்டப வாசலில் சுற்றுவது மாதிரியே. சுற்றிவிட்டு, அந்த ஏசி ஹாலின் பளபள தரையில், ஊற்றினார்.

டிரம்பெட் மேலே போனது. நின்றோம்.

ஹாலில் தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது.

“வூடு வந்துட்ச்சிய்யா,” என்றார் அண்ணி. “எறங்கு.”

அப்புறம் தட்டினார்கள் பாருங்கள். இதுவும் கச்சேரியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். மேடம் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, முடிவு ரொம்பப் புதுசாக இருந்தது, யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். வாட்ச்மேன் மட்டும் கைதட்டவில்லை. மாப் எடுக்கப் போயிருந்தார்.

உத்திரமேரூர் பஸ்

திரும்பி வரும்போது அண்ணனும் அண்ணியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்சீட்டில், சூசாபோனைக் கட்டிக்கொண்டு. பஸ்ஸில் எல்லோரும் என்னை அதற்குள்ளே ஏதோ ஒளித்து எடுத்துப்போகிற ஆள் மாதிரி பார்த்தார்கள். அண்ணி இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்கக்கூடாது என்று கண்டிஷன் வேறு. கண்டிஷன் எனக்குத்தான் குறிப்பாக.

டிரம்பெட் பெட்டி அண்ணியின் மடியில் இருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உதட்டின் இடது ஓரம் வீங்கியிருந்தது. அண்ணி காலி பாட்டிலில் மிச்சமிருந்த ரெண்டு சொட்டில் முந்தானையை நனைத்து, அந்த ஓரத்தில் ஒற்றினார். அண்ணன் ஆடாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, இடிக்கிறது, தூக்கி மேல வைம்மா என்றார். தலைக்கு மேலே கம்பித்தட்டு காலியாகத்தான் இருந்தது. அண்ணன் எழுந்து பெட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

அண்ணி கையைத் தட்டிவிட்டார். பெட்டியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார்.

“மேல வேணாம்பா,” என்றார் கண்டக்டரிடம். “மேல வெச்சா தூசி பட்டுக்கினே கீது. இனிமே கீயவே இருக்கட்டும்.”